அறளை பெயர்ந்ததா, நோயா? – டொக்டர் அல்ஸ்ஹைமரின் கதை

எங்கட ஊர்களிலே வயது போன ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், சாப்பிட்டு முடித்த கையோடு தனக்கு ஒருவரும் சாப்பாடு தரவில்லை என்று முறைப்பட்டால், அறளை பெயர்ந்திட்டுது எண்டு சொல்லிவிட்டு எங்கட வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். தலை நரைப்பதைப் போல, பல்லு விழுவதைப் போல இதுவும் வயதோடு வருகிற ஒன்று என்றே நம்பியிருந்தோம். வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய விஷயம் என்று யாரும் நினைத்ததில்லை.

நான் இங்கே ஜேர்மனியில், பிராங்பேர்ட் நகருக்குக் கிட்டவுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடங்களாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே இருப்பவர்களில் பலருக்கு மறதி நோய். அவர்களின் கோப்புகளைத் திறந்தால் அல்ஸ்ஹைமர் என்ற பெயர்தான் அடிக்கடி கண்ணில் படும். அது ஒரு மனிதரின் பெயர். அவர் பிராங்பேர்ட்டிலேயே பல காலம் வைத்தியராக இருந்தவர். எங்களை இங்கே கூப்பிட்டு எடுத்தவர்கள், நாங்கள் கூப்பிட்டு எடுத்த தாய் தகப்பன்மார், எல்லோருக்கும் வயது ஏறிக்கொண்டு போகிறது. ஆகவே இந்தச் சித்திரை மலரில் அந்த வைத்தியரைப் பற்றியும், அவர் தொடங்கிவைத்த வேலை இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பற்றியும் எழுதலாம் என்று நினைத்தேன்.

அலோயிஸ் அல்ஸ்ஹைமர் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி, பவேரியாவில் மைன் ஆற்றங்கரையிலுள்ள மார்க்பிரைற் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தகப்பன் எங்கட ஊர் நொத்தாரிசுமாரைப் போல உறுதி எழுதுகிறவர். அவர் பிறந்த வீடு இன்று ஒரு நினைவு இல்லமாக இருக்கிறது. அஷாபன்பேர்க்கில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, பேர்லின், ரியூபிங்கன், வுர்ஸ்பேர்க் ஆகிய இடங்களில் வைத்தியம் படித்தார். 1887இல் பட்டம் பெறுவதற்காக அவர் எழுதிய ஆய்வு எதைப் பற்றியது தெரியுமோ? காதுக்குள் குறும்பி சுரக்கிற சுரப்பிகளைப் பற்றி! மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த ஆய்வு அவரை நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருத்தியது. பிறகு சாகும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை என்றே சொல்லலாம்.

1888ஆம் ஆண்டு முடிவில் பிராங்பேர்ட் மாநகர மனநோய் வைத்தியசாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. இன்று கேத்தே பல்கலைக்கழகத்தின் பெரிய கட்டிடம் நிற்கிற அதே நிலத்தில்தான் அந்த வைத்தியசாலை இருந்தது. எங்கட பிள்ளைகள் சிலர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் மனநோயாளர்களைக் கட்டிவைப்பதும் பூட்டிவைப்பதும் உலகமெங்கும் இருந்த வழக்கம். அங்கே தலைமை வைத்தியராக இருந்த எமில் சியோலி அதை விரும்பாதவர். கட்டுவதைக் குறைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நெடுநேரம் குளிக்கவைத்து, நோயாளர்களோடு இருந்து கதைக்க வேண்டும் என்பது அவருடைய வழி. அல்ஸ்ஹைமர் அந்த வழியிலேயே வளர்ந்தார்.

அடுத்த வருடம் பிரான்ஸ் நிஸ்ல் என்ற இளம் வைத்தியரும் வந்து சேர்ந்தார். நரம்புக் கலங்களுக்குச் சாயம் ஊட்டி நுணுக்குக்காட்டியில் தெளிவாகப் பார்க்கிற முறையைக் கண்டுபிடித்தவர் அவர். இருவரும் இணைபிரியாத நண்பர்களானார்கள். பகலில் நோயாளர்கள், பின்னேரத்தில் நுணுக்குக்காட்டி, இதுதான் அவர்களின் நாள். மனநோய் என்பது பேயோ, பாவத்தின் சம்பளமோ அல்ல. மூளை என்ற உறுப்பில் நடக்கிற ஏதோவொன்று, அதைக் கண்ணால் கண்டு காட்ட வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் இருந்தது.

செசிலி என்ற, கணவனை இழந்த யூதப் பெண்ணை அல்ஸ்ஹைமர் மணந்தார். வசதியான பெண். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். 1901ஆம் ஆண்டு தொடக்கத்தில் செசிலி இறந்துபோனார். அல்ஸ்ஹைமரின் சகோதரி வந்து பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தார். மனைவியை இழந்த அந்த வருடமே, நவம்பர் 25ஆம் திகதி, ஒரு நோயாளி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அவர் பெயர் ஒகுஸ்ற. வயது 51. கணவர் ரயில்வேயில் எழுதுவினைஞர். நல்ல குடும்பப் பெண். முதலில் கணவர் மீது காரணமில்லாத சந்தேகம் வந்தது. பிறகு சமையல் பிழைத்தது, சாமான்களை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டுத் தேடினார், வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் நடந்தார். இரவில் கத்தினார். கணவரால் சமாளிக்க முடியவில்லை.

மறுநாள் அல்ஸ்ஹைமர் அவருக்குப் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். பெயரைக் கேட்டபோது பெயரைச் சொன்னார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் தன்னுடைய பெயரையே சொன்னார். மத்தியானச் சாப்பாட்டில் பன்றி இறைச்சியும் பூக்கோவாவும் இருந்தன. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னால் திருமதி என்ற சொல்லோடு பேனா நின்றுவிட்டது. தன்னைத் தானே தொலைத்துவிட்டதாக அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தையும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. நான் வேலை செய்கிற இடத்தில் இந்த வார்த்தையின் அர்த்தத்தை எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நோயாளி குழப்பமாகக் கதைக்கிறார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அல்ஸ்ஹைமர் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கேட்ட கேள்வியையும், வந்த பதிலையும், பிழையைப் பிழையாகவே, சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தார். நாள் நாளாக எழுதினார். அறளை என்று நாங்கள் தள்ளிவிடுகிற கதையைத்தான் அவர் உட்கார்ந்து எழுதினார்.

பிறகு அவர் பிராங்பேர்ட்டை விட்டு, எமில் கிறேப்பலின் என்ற புகழ்பெற்ற மனநோய்ப் பேராசிரியரோடு முதலில் ஹைடல்பேர்க்குக்கும், 1903இல் மியூனிக் நகருக்கும் போனார். மியூனிக்கில் சில காலம் சம்பளமில்லாமலே வேலை செய்தார். மனைவி விட்டுப்போன பணம் அதற்கு உதவியது. அவருடைய ஆய்வுகூடத்திற்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். ஆபிரிக்காவின் லைபீரியாவில் பிறந்து அமெரிக்காவில் வைத்தியரான கறுப்பினத்தவர் சொலமன் காட்டர் புல்லரும் அங்கே படித்தவர்களில் ஒருவர். ஒவ்வொரு மாணவரின் பக்கத்திலும் இருந்து, வாயில் சுருட்டோடு பொறுமையாக விளங்கப்படுத்துவாராம். அடுத்த மேசைக்குப் போகும்போது சுருட்டை அங்கேயே மறந்துவிடுவாராம். பின்னேரமானால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்கும் என்று சொல்லுவார்கள்.

ஊர் மாறினாலும் ஒகுஸ்றவை அவர் மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8ஆம் திகதி அந்த அம்மா பிராங்பேர்ட்டில் இறந்தபோது, பழைய தலைமை வைத்தியர் சியோலி அவருடைய மூளையையும் கோப்பையும் மியூனிக்குக்கு அனுப்பிவைத்தார்.

அல்ஸ்ஹைமர் அந்த மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்பினால் சாயமூட்டினார். பழைய கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிறபோது வெள்ளி உப்பு கறுத்துப் படம் தெரியவருமே, ஏறக்குறைய அதே மாதிரி. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பேர்லினில் இருந்த மக்ஸ் பியெல்ஷோவ்ஸ்கி. நுணுக்குக்காட்டியில் என்ன தெரிந்தது? மூளையின் மேற்பட்டை மெலிந்திருந்தது. நிறைய நரம்புக் கலங்கள் செத்துப் போயிருந்தன. செத்த கலங்களின் இடத்தில் சிக்குப்பட்ட நூல் பந்தைப் போல இழைகள் கிடந்தன. கலங்களுக்கு வெளியே, தினையளவு சின்னச் சின்னப் படிவுகள் மேற்பட்டை முழுவதும் பரவியிருந்தன. இன்று அந்த இழைகள் ரௌ என்ற புரதத்தால் ஆனவை என்றும், படிவுகள் அமிலொயிட் என்ற புரதத்தால் ஆனவை என்றும் எங்களுக்குத் தெரியும்.

1906 நவம்பர் 3ஆம் திகதி ரியூபிங்கனில் நடந்த மனநோய் வைத்தியர்களின் கூட்டத்தில் இதை அவர் விளக்கினார். பேசி முடித்தார். சபையில் ஒருவரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை! அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள். 1910இல் கிறேப்பலின் தன்னுடைய பாடநூலில் இந்த நோய்க்கு அல்ஸ்ஹைமரின் பெயரை வைத்தார். 1912இல் அல்ஸ்ஹைமருக்குப் பிரெஸ்லவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று அது போலந்திலுள்ள நகரம். அங்கே போகும் வழியில் ரயிலிலேயே சுகமில்லாமல் போய், இருதயம் பாதிக்கப்பட்டு, முழுமையாகத் தேறாமலே 1915 டிசம்பர் 19ஆம் திகதி காலமானார். அவருக்கும் அப்போது வயது 51. ஒகுஸ்ற வைத்தியசாலைக்கு வந்த அதே வயது. பிராங்பேர்ட் பெரிய மயானத்தில் செசிலிக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இன்னொன்றையும் அகதிகளாகிய நாங்கள் தெரிந்திருக்க வேணும். வெள்ளிச் சாயத்தைக் கண்டுபிடித்த பியெல்ஷோவ்ஸ்கி ஒரு யூதர். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் வேலையிலிருந்து துரத்தப்பட்டு, நாடு நாடாக அலைந்து 1940இல் லண்டனில் இறந்தார். அல்ஸ்ஹைமரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவரும், வேறொரு மறதி நோய்க்குக் காரணமான படிவுகளுக்குத் தன் பெயரைக் கொடுத்தவருமான லூவியும் யூதர்தான். அவரும் அதே காலத்தில் தப்பியோடி, இங்கிலாந்து வழியாக அமெரிக்காவில் தஞ்சமடைந்தார். இன்று உலகமெல்லாம் முதியோரைக் காக்கிற அறிவில் அகதிகளின் பங்கும் இருக்கிறது பாருங்கோ.

அல்ஸ்ஹைமர் இறந்து பல காலமாக இந்த நோய் நடுவயதில் வருகிற அபூர்வமான ஒன்று என்றே வைத்தியர்கள் நினைத்தார்கள். வயது போனவர்களின் மறதியை முதுமை என்று அவர்களும் எங்களைப் போலத் தள்ளிவிட்டார்கள். 1968இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஆய்வாளர்கள், மறதியோடு இறந்த முதியவர்களின் மூளைகளைச் சோதித்தபோது, பலவற்றில் ஒகுஸ்றவின் மூளையில் இருந்த அதே படிவுகளும் அதே சிக்குகளும் இருந்தன. அதாவது அறளை என்பது பெரும்பாலும் நோய்தான் என்பது அப்போதுதான் உறுதியானது.

ஆனால் ஒரு பெரிய தடை இருந்தது. அல்ஸ்ஹைமர் பார்த்ததைப் பார்க்க வேண்டுமென்றால் நோயாளி சாக வேண்டும். உயிரோடு இருப்பவரின் மூளையைப் பார்ப்பது எப்படி?

அவர் படித்த அதே வுர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில்தான் 1895இல் ரொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். ஆனால் எக்ஸ் கதிர்ப் படத்தில் மண்டையோடு தெரியும், உள்ளேயிருக்கிற மூளை தெரியாது. 1971இல் லண்டனில் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்ற பொறியியலாளரின் சி.ரி. ஸ்கான் இயந்திரம், எக்ஸ் கதிரைப் பல பக்கத்திலிருந்தும் செலுத்திக் கணினியால் கணக்குப் பார்த்து, முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைச் சீவல் சீவலாகக் காட்டியது. அதற்குப் பிறகு வந்த எம்.ஆர்.ஐ. பலமான காந்தத்தால் இன்னும் நுணுக்கமாகக் காட்டும். காதுக்கு நேரே உள்ளே, கடற்குதிரை வடிவத்தில் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. புதிய நினைவுகள் பதிவதற்கு அதுதான் வாசல். அல்ஸ்ஹைமர் நோயில் அது வேளைக்கே சுருங்கத் தொடங்குவதை எம்.ஆர்.ஐ. படத்தில் அளந்து பார்க்கலாம். அதனால்தான் ஐம்பது வருடத்துக்கு முந்திய கோயில் திருவிழா ஞாபகம் இருக்கும், காலையில் குடித்த தேத்தண்ணி ஞாபகம் இருக்காது.

மூன்றாவது பெட் ஸ்கான். கொஞ்சம் கதிரியக்கம் சேர்த்த சீனியை ஊசியால் ஏற்றுவார்கள். வேலை செய்கிற மூளைப் பகுதி சீனியை எடுத்துப் படத்தில் பிரகாசமாகத் தெரியும். சோர்ந்த பகுதி மங்கலாகத் தெரியும். இதிலும் ஒரு படி மேலே போனவர்கள் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்து வில்லியம் குளங்க், செஸ்ரர் மத்திஸ் என்ற இருவர். செத்த மூளைச் சீவல்களில் அமிலொயிட்டைக் காட்டுவதற்கு ஆய்வுகூடங்களில் ஒரு சாயம் பாவிப்பதுண்டு. அந்தச் சாயத்தைக் கொஞ்சம் மாற்றி, உயிருள்ள மனிதரின் இரத்தத்தில் ஏற்றக்கூடிய மருந்தாக்கினார்கள். 2002இல் சுவீடனின் உப்சாலா நகரில் முதல் நோயாளிக்கு அதைக் கொடுத்தார்கள். ஸ்கான் படத்தில் அமிலொயிட் படிவுகள் ஒளிர்ந்தன. 1906இல் அல்ஸ்ஹைமர் கண்ணாடித் துண்டில் கண்டதை, 96 வருடத்துக்குப் பிறகு, மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனிதரிலேயே கண்டார்கள்! ரௌ புரதத்தைக் காட்டுகிற மருந்துக்கும் 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்தப் படங்களிலிருந்து அறிந்த முக்கியமான செய்தி இது: மறதி வெளியே தெரிவதற்கு ஏறக்குறைய பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன்னரே அமிலொயிட் சேரத் தொடங்கிவிடுகிறது. அதே நேரம், படிவு இருந்தும் நல்ல தெளிவோடு வாழ்கிற முதியவர்களும் இருக்கிறார்கள். ஆகவே படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. படத்தோடு ஆளையும் பார்க்க வேண்டும். அமிலொயிட்டை அகற்றுகிற லெக்கனமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவிலும் 2025இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அனுமதி கிடைத்தது. அது நோயை மாற்றாது, ஓரளவு வேகத்தைக் குறைக்கும். தொடக்க நிலையில் உள்ளவர்களில் சிலருக்குத்தான் பொருந்தும். மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்து எடுத்துத்தான் கொடுப்பார்கள். பிந்திப் போனால் அதுவும் இல்லை.

மருந்து இல்லையென்றால் வைத்தியரிடம் ஏன் போக வேணும் என்று சிலர் கேட்பீர்கள். மறதியெல்லாம் அல்ஸ்ஹைமர் அல்ல. விழுந்து தலை அடிபட்டு மண்டைக்குள் மெதுவாக இரத்தம் கட்டினாலும் மறதி வரும். மூளைக்குள் நீர் கூடினாலும் வரும். ஸ்கான் எடுத்தால் இரண்டும் தெரியும், வைத்தியமும் உண்டு. தைரொயிட் குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும். அது இரத்தப் பரிசோதனையில் தெரியும். பிள்ளையை, வீட்டை, மண்ணைப் பறிகொடுத்த துக்கம் உள்ளுக்குள் உறைந்தாலும் வரும். எங்கட பெரியவர்களில் யாருக்கு அந்தத் துக்கம் இல்லை? வயது போட்டுது எண்டு விட்டுவிட்டால் மாற்றக்கூடியதையும் மாற்றாமல் விட்டவர்களாவோம்.

என் வேலை அனுபவத்தில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். மறதி நோய் கூடக்கூடப் பிந்திப் படித்த மொழிதான் பலருக்கு முதலில் போகிறது. நாற்பது வருடம் இங்கே வேலை செய்த வெளிநாட்டவர்கள் ஜேர்மன் மொழியை மறந்து, தாய்மொழியில் மட்டும் கதைப்பதைக் கண்டிருக்கிறேன். எங்கட அம்மாமார், ஐயாமாருக்கும் இது நடக்கும். ஜேர்மன் மொழியில் ஞாபகப் பரிசோதனை வைத்தால் இல்லாத நோயும் இருப்பதாகத் தெரியும், இருக்கிற நோயும் மொழி தெரியாத குறையாகத் தெரியும். தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள்.

பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். அம்மம்மா பிழையாகச் சொன்னதை வெட்கத்தில் சரியாக்கிச் சொல்லிவிடும் பிள்ளை. பாசத்தில் செய்வதுதான். ஆனால் வைத்தியருக்கு வேண்டியது அந்தப் பிழைதான். கீரை என்று ஒகுஸ்ற சொன்னதை அல்ஸ்ஹைமர் பூக்கோவா என்று திருத்தி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது தாலிக்கொடி, காப்பு, தோடு எல்லாம் கழற்ற வேண்டும். அதை வீட்டிலேயே சொல்லிச் சம்மதிக்கவைத்துக் கூட்டிப்போங்கள். அந்த இயந்திரம் படபடவென்று பெரிய சத்தம் போடும். ஷெல்லடிக்குள் பங்கருக்குள் இருந்து வந்தவர்களுக்கு அந்த ஒடுங்கிய குழாயும் சத்தமும் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதைப் படம் எடுப்பவர்களிடம் முதலே சொல்லுங்கள். காதுக்கு அடைப்பான் தருவார்கள், கையில் அழுத்துகிற மணி தருவார்கள்.

ஒகுஸ்றவின் கோப்பு நெடுங்காலம் காணாமல் கிடந்து, 1995 டிசம்பரில் பிராங்பேர்ட் மனநோய்ப் பிரிவின் பழைய கடதாசிகளுக்கு இடையில் நீல மட்டைக்குள் கண்டெடுக்கப்பட்டது. மியூனிக்கில் அவருடைய மூளைச் சீவல்களும் பிறகு கிடைத்தன. திரும்பவும் பார்த்தபோது அல்ஸ்ஹைமர் எழுதியது சரியாகவே இருந்தது. தொண்ணூறு வருடத்துக்குப் பிறகும் அந்த அம்மாவின் குரல் எங்களுக்குக் கேட்கிறதென்றால், ஒருவர் பக்கத்தில் இருந்து பொறுமையாகக் கேட்டு எழுதியதால்தான்.

வருடப் பிறப்பன்று மருத்துநீர் வைத்துவிடவும் கைவிசேஷம் தரவும் எங்கட வீட்டுப் பெரியவர்கள் காத்திருப்பார்கள். வாங்கிக்கொண்டு உடனே ஓடாமல் பக்கத்தில் கொஞ்சநேரம் இருங்கோ. கதை கேளுங்கோ. போன வருடத்தைவிட ஏதும் மாற்றம் தெரிந்தால், திகதி போட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே ஒரு கொப்பியில் எழுதுங்கோ. அந்தக் கொப்பியைக் குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோங்கோ. எந்த ஸ்கான் எடுக்க வேண்டும் என்று அவர் தீர்மானிப்பதற்கு அது உதவும். ஊரார் என்ன சொல்லுவினம் எண்டு மறைக்காதேயுங்கோ. நீரிழிவை மறைக்கிறோமா, பிரஷரை மறைக்கிறோமா? இதுவும் ஒரு நோய்தான்.

அனைவருக்கும் என் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.